மூன்றாவது சத்தம்

1998 கடைசியில், காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாக இருந்த சமயம். ஏற்காட்டை அடுத்த கொட்டச்சேட்டில் ஓர் எஸ்டேட் குடியிருப்பில் இருந்தோம். என் கணவர் அங்கே கணக்கெழுதும் ரைட்டர். எங்கள் மகளுக்கு இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் சில நாள் திரும்புவாள், பல நாள் திரும்ப மாட்டாள். காதைச் சோதிக்க பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார் சேலத்து டாக்டர்.

குழந்தை தூங்கும்போதுதான் சோதனை செய்வார்களாம். அதனால் வழியில் தூங்க விடக் கூடாது. முதல் பஸ்ஸில் மலை இறங்கும்போது இதைச் சொன்னதும் பஸ்ஸே எங்களோடு சேர்ந்துகொண்டது. முன் சீட்டு அம்மாள் ஆரஞ்சுச் சுளையை அவள் நாக்கில் வைத்தார். "கண்ண மூடுன, உனக்கும் டிக்கெட் போட்டுருவேன் சாமி" என்று கண்டக்டர் விரலை ஆட்டினார். அவள் சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் என் மடிக்கு வந்ததும் தூங்கிப்போனாள். சோதனை செய்த பெண் தமிழ்க்காரர். ஒரு சிறு குழாயை அவள் காதில் பொருத்தினார். இரண்டு சுருதிகளைச் சேர்த்து உள்ளே அனுப்பினால், நன்றாக இருக்கிற உள்காது தானாக மூன்றாவது சத்தம் ஒன்றை உண்டாக்கித் திருப்பி அனுப்புமாம். நமக்குக் கேட்காது, கருவிக்குத்தான் கேட்கும் என்றார். திரையில் ஒரு சிறு கோடு எழுந்தது.

"வருது பாருங்க. உள்காது நல்லா இருக்கு. ஆனா இருங்க, இன்னொரு டெஸ்ட்..."

அதற்குள் என் கணவர் வெளியே ஓடிவிட்டார். எதிரே இருந்த பூத்திலிருந்து எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போட்டு, குழந்தைக்குக் காது கேட்கிறது என்று சொல்லிவிட்டார். நான் உட்கார்ந்த இடத்திலேயே, அடுத்த வருஷக் கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் மற்ற பிள்ளைகளோடு அவளையும் பாட நிறுத்தலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சோதனைக்கு நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னாலும் ஒயர்களை ஒட்டினார்கள். காதில் விழும் ஒலி மூளைத்தண்டுக்குப் போய்ச் சேர்ந்தால் திரையில் அலைகள் வர வேண்டும். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அலை வரவே இல்லை. அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

"அப்ப அந்த மூணாவது சத்தம் பொய்யாங்க?" என்று கேட்டார் என் கணவர்.

"பொய் இல்லைங்க. உள்காது வேலை செய்யுது. அங்கேயிருந்து மூளைக்குப் போற வழியிலதான் சேதி சேர மாட்டேங்குது."

மருந்து உண்டா என்று கேட்டேன். அவர் தலையசைத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

மறுநாள் ஊர் திரும்பினோம். குடியிருப்பே வாசலில் நின்றது. பக்கத்து வீட்டு அக்கா பாயசம் வைத்திருந்தார். ஆளுக்கொரு திசையில் நின்று அவளைக் கூப்பிட்டார்கள். "பாப்பா! இந்தா, இங்க பாரு கண்ணு!" ஒருவர் பின்னால் போய்க் கை தட்டினார். எஸ்டேட் டிரைவர், "என்ர ஜீப்பு ஹாரனுக்குத் திரும்பாத ஆளு இந்த மலையிலயே கெடையாதுங்க" என்று சொல்லி ஹாரனை அழுத்தினார். அவள் எதிரில் நின்ற முகங்களைப் பார்த்து மகிழ்ச்சியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் கணவர் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"ஏனுங்க, கேக்குதுன்னு போன்ல சொன்னாரில்லீங்க?" என்றார் அக்கா.

"காதுக்குக் கேக்குதுங்கக்கா. அவளுக்குத்தான் கேக்கல."

யாருக்கும் புரியவில்லை. அக்கா மட்டும் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

மகள் இப்போது தையல் கடை வைத்திருக்கிறாள். கையால் படபடவென்று பேசுவாள்; என் விரல்கள் கட்டை வண்டி மாதிரி போகின்றன என்று கேலி செய்வாள். அவளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கிறிஸ்துமஸ் வந்து, கோயிலில் பிள்ளைகள் பாட வரிசையாக நிற்கும்போது, அந்த ஆஸ்பத்திரி அறையில் அரை மணி நேரம் மட்டும் எங்களுக்கு இருந்த இன்னொரு குழந்தையை என் கண் இன்றும் தேடத்தான் செய்கிறது.