மண்ணை அலசிய நாள்

நான் ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். கணவர் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவர். வீட்டுக் கிணற்றில் ஊறியதெல்லாம் உப்புத் தண்ணீர். தெருக்குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் வரும். அதில் முதல் உரிமை பட்டுக்கு, மிச்சம் சோற்றுக்கு. உப்புத் தண்ணீரில் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்குமாம். "பட்டுதான் உங்க மூத்த சம்சாரம்" என்று குத்திக் காட்டுவேன். சிரிப்பார். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

சேத்துப்பட்டிலிருந்து ஓர் எலுமிச்சைக் கன்று கொண்டுவந்து பின்கட்டில் வைத்திருந்தேன். சாவதற்கு முந்தின மாதம் அப்பா பதியம் போட்டுத் தந்தது. பிறந்த வீட்டிலிருந்து உயிரோடு என்கூட வந்தது அது ஒன்றுதான். அதற்கு நல்ல தண்ணீர் கேட்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை. உப்பாயிற்றே என்று பயந்து பயந்து, தினமும் காலையில் ஒரே ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீரை வேரடியில் ஊற்றிவந்தேன்.

மூன்றாவது கோடையில் இலை ஓரங்கள் கருகின. பிறகு கொட்டத் தொடங்கின. ஒரு சொம்பை அரைச் சொம்பாக்கினேன். இன்னும் கொட்டின. அப்பாவை இரண்டாம் முறை சாகக் கொடுப்பது போலிருந்தது.

ஒருநாள் காலை அழுதுகொண்டே சொம்பைச் சாய்த்தபோது கணவர் வந்து குந்தினார். வேரடியில் வெள்ளையாகப் பூத்திருந்த மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இன்னா பண்ணிகினு இருக்கே? சோடா போட்டு வேகவெச்ச பட்டுநூலை நான் ஒரு சொம்புத் தண்ணியிலயா அலசறேன்? கொஞ்சூண்டு ஊத்துனா தண்ணி காஞ்சிடும், உப்பு அங்கியே தங்கிடும். மண்ணை அலசணும்மே."

பயந்து பயந்து ஊற்றிய ஒவ்வொரு சொம்பும் உப்பைத்தான் சேர்த்து வைத்திருக்கிறது. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

அன்று குழாய் வரும் நாள். நிரம்பிய குடத்தை வழக்கம்போல் சாயக் கொட்டகைக்குத் தூக்கினேன். அவர் அதை வாங்கிக்கொண்டு நேராகப் பின்கட்டுக்கு நடந்தார்.

"முகூர்த்தப் பொடவை நூலாச்சேங்க. நெசவுக்காரங்க பேஜார் பண்ணுவாங்களே."

"பண்ணட்டும். பட்டு நாலு நாள் காத்துகினு இருக்கும். இது இருக்காது."

பாத்தி கட்டி, பதினெட்டுக் குடம் ஊற்றினார். மண் குடித்துக்கொண்டே இருந்தது. சமையலுக்குக்கூட ஒரு குடம் மிஞ்சவில்லை. துளிர் வர இருபது நாள் ஆயிற்று. என் மனசு அன்று மதியமே குளிர்ந்துவிட்டது.

கிணற்றுத் தண்ணீரிலேயே சோறு வடித்துக் குழம்பு வைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் கை தன் பாட்டுக்குக் குழம்பில் உப்பையும் அள்ளிப் போட்டிருந்தது. எனக்கு அது தெரியவில்லை. அவர் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

"எப்படி இருக்குதுங்க?"

"நல்லா இருக்குது" என்று கை கழுவிவிட்டுப் போனார்.

பிறகு நான் உட்கார்ந்து முதல் வாய் வைத்தேன். விழுங்க முடியவில்லை. அவர் தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை.