தள்ளுங்கம்மாவின் பதினொரு பெட்டிகள்

சாலைத்துறையில் முப்பத்து நான்கு வருடம் புகைப்படக்காரராக இருந்த அந்த அம்மாளுக்கு, ரோடு போடும் ஆட்கள் வைத்த பெயர் தள்ளுங்கம்மா. அவர் வேலை அப்படி. விரிசல் விட்ட பாலமோ, பள்ளம் விழுந்த ரோடோ, எதை எடுத்தாலும் படத்தில் ஓர் ஆள்கூட இருக்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. விரிசலுக்குப் பக்கத்தில் அளவுகோல் இருக்கலாம், மனிதர் இருக்கக் கூடாது. அதனால் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனதுமே அவர் வாயில் "கொஞ்சம் தள்ளுங்க" வந்துவிடும். தூக்கத்தில்கூட அதையே சொல்கிறார் என்பது கணவரின் புகார். "நான் கட்டில் ஓரத்துக்கு வந்து எத்தனையோ வருஷமாச்சு. இனிமே தள்ளினா தரைதான்" என்பார்.

பகலெல்லாம் மனிதர்களை விரட்டியதாலோ என்னவோ, வேலை முடிந்ததும் அவர் மனிதர்களைத் தேடிப் போனார். அதிலும் எதையாவது தூக்கிக்கொண்டு போகிறவர்களை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒருவர் ஆள் உயரக் கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். கண்ணாடி முழுக்க வானம். அதற்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் நடந்து போயின. அந்தப் படத்தோடு பித்துப் பிடித்துக்கொண்டது. தலையில் ஆறு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு போனவர், தூங்கும் குழந்தையை ஒரு தோளிலும் சுருட்டிய பாயை மறு தோளிலும் போட்டுக்கொண்டு போனவள், பீரோவைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் சண்டை போட்ட இரண்டு பேர். அந்தப் படங்களை யாரும் கேட்கவில்லை, எங்கும் மாட்டி வைக்கவும் இல்லை. நெகட்டிவ்கள் பிஸ்கட் டப்பாக்களில் வருட வரிசைப்படி கட்டிலுக்கடியில் சேர்ந்தன. மொத்தம் பதினொன்று.

ஓய்வு பெற்ற சில மாதங்களில் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு மாதம் படி ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஓரிடத்தில் உட்காராத ஆள் உட்கார்ந்தால் வீடு என்ன ஆகும் என்று மகளுக்குத் தெரியும். அவள் நெகட்டிவ் ஸ்கேன் பண்ணும் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"அம்மா, அப்பாவை விரட்டறதுக்குப் பதிலா இதைப் பண்ணு."

முதல் பெட்டி திறந்தது. திரையில் ஒவ்வொரு படமாக வந்தபோது அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தியேட்டருக்கு எதிரே இருந்த அந்தப் பெரிய மரம். பொதுத் தொலைபேசிக்கு முன்னால் நிற்கும் வரிசை. ஷட்டர் இல்லாமல் பலகை பலகையாகக் கதவு சாத்திய கடைகள். "இது வேண்டாம்னு உறையில சிவப்புப் பென்சில்ல கிறுக்கியிருக்கேன் பாருங்க. அப்போ கண்ணை எங்க வெச்சிருந்தேனோ!" என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். கணவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உதவுகிறேன் என்ற பெயரில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள், முதுகில் கதவைச் சுமந்துகொண்டு மழைத் தெருவில் போகும் ஒரு தச்சர் வந்தார். தள்ளுங்கம்மாவுக்கு ரொம்பப் பிடித்த படம் அது. கணவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார்.

"ஓரத்துல நிக்கிறது யாரு? உங்க அண்ணன் மாதிரி இல்ல?"

அண்ணன்தான். அரைக்கைச் சட்டை. தோளில் தங்கையின் கேமரா பை. ஒரு காலில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து நிற்கிறார்.

வேலை முடிந்து தனியாகக் கேமராவோடு சுற்ற வேண்டாம் என்று அவர்களுடைய அம்மா சொன்னதால், பக்கத்துத் தெரு அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்த அண்ணன் தினமும் சாயங்காலம் வந்து சேர்ந்துகொள்வார். படங்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை. பையை வாங்கி மாட்டிக்கொண்டு நிற்பார். "இன்னுமா? பசிக்குதும்மா" என்பார். "அண்ணா, ஓரமாப் போ, படத்துல விழறே" என்றால் இரண்டு அடி நகர்வார். அது போதாது. பிரின்ட் போடும்போது அந்த ஓரத்தைத் தங்கை வெட்டிவிடுவார்.

"தூக்கிட்டுப் போறவங்களத்தானே எடுத்தே?" என்றார் கணவர். "இவரும் தூக்கிட்டுத்தானே நிக்கிறாரு."

தள்ளுங்கம்மா திரையில் அந்த ஓரத்தைப் பெரிதாக்கினார். இருபத்தோரு வருடத்துக்கு முன் ஒரு காலையில், சட்டை மாட்டும்போதே அண்ணன் சரிந்து விழுந்து இறந்துபோனார். மாட்டி வைக்க ஒரு படம் வேண்டும் என்று அண்ணி கேட்டார். தள்ளுங்கம்மா அன்று வீட்டிலிருந்த பிரின்ட் அத்தனையையும் தரையில் பரப்பித் தேடினார். ஒன்றில்கூட அண்ணன் இல்லை. கடைசியில் அச்சக அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கினார்கள். அதில் அவர் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவர் போல இருந்தார். "ஊரையே படம் எடுத்தவ, கூடப் பொறந்தவனை எடுக்கல" என்று உறவுக்காரர் ஒருவர் அவர் காதுபடச் சொன்னார். அது முள்ளாகத் தைத்து உள்ளேயே நின்றது.

அடுத்த நான்கு நாளில் இரண்டு பெட்டிகள் முடிந்தன. இருபத்தேழு படங்களில் அண்ணன் இருந்தார். ஒன்றில் கடிகாரம் பார்க்கிறார். ஒன்றில் யாரோ ஒருவருக்கு வழி சொல்கிறார். ஒன்றில் பை வாரைப் பிடித்த கை மட்டும். மகளிடம் எல்லாவற்றையும் பிரின்ட் போடச் சொன்னார்.

"அண்ணியை இங்க வரச் சொன்னா போச்சு" என்றார் கணவர்.

"கூப்பிட்டுக் கொடுக்கற விஷயமா இது?"

அண்ணியின் வீடு இரண்டாம் மாடி. டாக்டர் சொன்னதைக் காற்றில் பறக்கவிட்டு, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். பின்னால் கணவர் கைத்தடியையும் படங்கள் போட்ட உறையையும் பிடித்துக்கொண்டு, டாக்டருக்கு என்ன பதில் சொல்வது என்று புலம்பியபடி வந்தார்.

அண்ணி உறையைப் பிரித்தார். முதல் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிராமலே கேட்டார்.

"இருபத்தோரு வருஷமா உன் கட்டிலுக்கடியிலயா இருந்தாரு?"

"பிரின்ட்ல தேடினேன் அண்ணி. நெகட்டிவ்ல தேடணும்னு தோணல."

"பிரின்ட்ல ஏன் இல்ல?"

"வெட்டிட்டேன்."

அண்ணி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். பாத்திரங்கள் தேவைக்கு மேல் சத்தம் போட்டன. தள்ளுங்கம்மா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். போய்விடலாமா என்று கணவர் கண்ணால் கேட்டார். அவர் அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மூன்று டம்ளர் டீயோடு அண்ணி வந்தார். கண் சிவந்திருந்தது. படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஏழாவது படத்தில் சட்டென்று சிரித்துவிட்டார்.

"இந்தச் சட்டை! காலர் நைஞ்சு போச்சுன்னு நான்தான் பிரிச்சுத் திருப்பித் தெச்சேன். பாரு, கோணலா இருக்கு. கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது."

மாட்டி வைக்க ஒன்றை அவரே எடுத்தார். அண்ணன் வாயைப் பிளந்து கொட்டாவி விடும் படம்.

"இது வேண்டாம் அண்ணி. தெளிவாவே இல்ல. கடிகாரம் பார்க்கறாரே, அது நல்லா வந்திருக்கு."

"நல்லா வந்தது உனக்கு. வீட்டுக்குள்ள நுழையும்போது தினம் இந்தக் கொட்டாவிதான். அந்தச் சுவத்துல கார்டு படமா இருக்கற ஆளை நான் இத்தனை வருஷமா யாரோன்னுதான் பார்த்துட்டிருக்கேன்."

கொட்டாவிப் படமே பெரிதாகிச் சுவருக்குப் போனது. வருகிறவர்கள் ஒரு நிமிடம் திகைத்துவிட்டு, பிறகு அவர்களும் கொட்டாவி விடுகிறார்கள் என்று அண்ணி சொன்னார்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் அண்ணி வர ஆரம்பித்தார். கணவரின் ஸ்டூல் பறிபோனது. அண்ணியின் கண் பொல்லாத கண். புகை போல ஒரு முழங்கை தெரிந்தாலும் "நிறுத்து, அவர்தான்" என்பார். பெரும்பாலும் அவர்தான். மூன்றாவது பெட்டி போனது, நான்காவது போனது. ஐந்தாவதின் கடைசி உறையில் எழுதியிருந்த வருடத்தை இருவரும் ஒரே நேரத்தில் படித்தார்கள்.

"இதுக்கப்புறம் இருக்க மாட்டாரில்ல?" என்றார் அண்ணி.

"மாட்டாரு அண்ணி."

தள்ளுங்கம்மா மெஷினை அணைக்கப் போனார். அண்ணி அவர் கையைப் பிடித்தார்.

"எதுக்கு நிறுத்தறே? இன்னும் ஆறு பெட்டி இருக்கே. போடு."

ஆறாவது பெட்டியின் முதல் படம் திரைக்கு வந்தது. குடை பிடித்த கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண், தன்னைவிட மூன்று மடங்கு நீளமான ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறாள். ஓரத்தில் யாரும் இல்லை. வெறும் ஈரச் சுவர். அண்ணி அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஸ்டூலைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மழையில எங்க கொண்டு போறா இவ்வளவு பெரிய ஏணியை?" என்றார்.