ஏரிக்கரைப் புகை

உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊர். ஊராட்சி வண்டியில் அள்ளும் குப்பையை ஏரிக்கரையில் கொட்டி எரிப்பார்கள். எதிர்வீட்டுச் செல்வியின் மகளுக்குப் புகை பட்டாலே வீசிங்.

"நீ கம்ப்ளைண்ட் பண்ணுக்கா, நான் கூட நிக்கிறேன்" என்று செல்வி அழுதாள். அரசு உதவி எண்ணுக்குப் போனில் புகார் கொடுத்தேன்.

ஒருநாள் காலை அதிகாரி விசாரிக்க வந்தார். தெருவே கூடிவிட்டது. "புகை வருதாம்மா?" என்று செல்வியைக் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணியும் இல்ல சார். இந்த அக்காதான் எதுனா சொல்லிக்கினே இருக்கும்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அவள் புருஷனுக்கு அந்தக் குப்பை வண்டியிலேயே டிரைவர் வேலை கிடைத்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது. மதியத்துக்குள் 'புகார் தீர்க்கப்பட்டது' என்று எனக்கு மெசேஜ் வந்தது.

சாயங்காலம் மறுபடி எரித்தார்கள். செல்வி மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "அக்கா, ஸ்கூட்டிய எடுக்கா, கொயந்த மூச்சு வுட முடியாம கீது!"

ஸ்கூட்டியை எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "புகை ஏதாவது பட்டுச்சா?"

"ஆமா டாக்டர், தெனிக்கும் எரிக்கிறாங்கோ" என்றாள் செல்வி.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. இன்றும் செல்வி "அக்கா" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன். பதில்தான் வருவதில்லை.