என் முகத்தின் இடப்பக்கம்

காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடப்பக்கக் கடைவாயால் வழிந்து சட்டையை நனைத்தது. கண்ணாடியில் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. இடது கண் மூட மறுத்தது.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள், பக்கவாதமாகவும் இருக்கலாம். எனக்கு வந்தது முகவாதம் (முகத்தை அசைக்கும் நரம்பு வீங்கிச் சோர்வது). ஸ்டீரொய்ட் (வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) தந்த வைத்தியர், பொறுமையாக இருக்கச் சொன்னார். பொறுமை! அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாரங்கள் போயும் முகம் அசையவில்லை. கண்ணூறு, யாரோ கண்வைத்துவிட்டார்கள் என்று என் கணவரின் தாயான மாமி முடிவு கட்டிவிட்டார். கீழ்வீட்டு ஹுவானாவிடம் என்னை இழுத்துப்போனவரும் அவர்தான். ஹுவானா குவாத்தமாலா நாட்டின் 'மாம்' என்ற பழங்குடியைச் சேர்ந்த வைத்தியச்சி. பிரெஞ்சு புழங்கும் எங்கள் பகுதியான பார்க் எக்ஸ்டென்ஷனில் அவர் சமைக்கும் குசினிக்குப் பெண்கள் வந்தபடியே இருப்பார்கள். முட்டையால் உடலைத் தடவி, அதைத் தண்ணீரில் உடைத்துப் பார்ப்பாராம். நாங்கள் நாவூறு, திருஷ்டி கழிப்பதுபோலத்தான் என்று மாமிக்குப் புளுகம், ஒரே சந்தோஷம். மாமிக்குப் பிரெஞ்சு தெரியாது. மொழிபெயர்க்க என் கணவரும் வந்தார்.

மாத்திரைகளை முடித்துவிட்டேனா என்று கேட்ட பிறகே ஹுவானா முட்டையைக் கையில் எடுத்தார். உச்சியிலிருந்து தோள்வரை தடவினார்.

"ஆற்றை கண்ணாம்? கேள் தம்பி," மாமி மகனை அவசரப்படுத்தினார்.

ஹுவானா எரிச்சலோடு இல்லையென்று தலையாட்டினார். அவர் பிரெஞ்சில் சொன்னதை என் கணவர் தமிழில் சொன்னார்: "கண் இல்லை. விழுங்கின கோபம். எங்கடை ஆக்களிட்டை அதுவும் ஒரு நோய், வருத்தம்தான். ஆரிலை கோபமெண்டு இவ வாயாலை சொல்லவேணும். சொல்லாட்டி முட்டையை உடைக்கமாட்டன்."

எனக்குத் தெரியும். முகம் கோணியதற்கு முதல்நாள், தாதியர் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்ததை விருந்தாளிகளிடம் சொன்னேன். "இவ படிக்கப் போகேல்லை. அம்மாவை ஆர் பாக்கிறது?" என்றார் என் கணவர். என்னை ஒரு சொல் கேட்கவில்லை. நான் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி பரிமாறினேன். சிரித்தேன், பாருங்கள்!

"இவரிலை," என்று பிரெஞ்சில் சொன்னேன். "சிரிச்ச என்னிலையும்."

"என்ன சொல்லுறா?" என்றார் மாமி. மொழிபெயர்க்க வந்த மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோணல் வாயால் நானே சொன்னேன். "உங்கடை மகனிலை கோபம் மாமி. நான் படிக்கப் போறன்."

மாமி அவர் பக்கம் திரும்பினார். "என்னைப் பாக்கச் சொல்லி நான் கேட்டனானோ? எனக்கென்ன, கைகால் இல்லையே?"

அதன் பிறகுதான் ஹுவானா முட்டையை உடைத்தார். எட்டிப் பார்த்தேன். எனக்கு மஞ்சள் கருதான் தெரிந்தது.

கோபத்தால்தான் நரம்பு வீங்கியது என்று சொல்லமாட்டேன். வைத்தியர் வைரஸ் என்கிறார். இருக்கட்டும். கண் மெல்ல மெல்ல மூடத் தொடங்கியது. வகுப்புக்கும் போகிறேன்.

இடப்பக்கம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. சிரிப்பு அங்கே பிந்தித்தான் வந்து சேர்கிறது. அதற்குள், என் முன்னால் நிற்கிற இந்த ஆளுக்குச் சிரிக்கத்தான் வேண்டுமா என்று யோசித்துக்கொள்கிறேன். பல தடவை வேண்டியிருப்பதில்லை.