தவிட்டுக்கு விற்ற தலைச்சன்

மிராசுதாருக்கு எதிராகக் குத்தகைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வழக்காடிக்கொண்டிருந்த காலம். நிலத்தை விட்டு ஒருத்தரும் இறங்குவதில்லை என்று ஐயனார் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள். அணைத்த கைகளில் அப்பாவின் கையும் ஒன்று. அவர்தான் ஓசைப்படாமல் வலங்கைமானில் இருந்த மிராசுதார் வீட்டுக்குப் போய், எங்கள் பங்குக் குத்தகையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கி வந்தார். அறுவடை வரை வெளியே தெரியாது என்று பேச்சு.

பணம் சும்மா இருக்குமா? கூரையில் ஓடு ஏறியது. ரேடியோ வந்தது. அம்மா கையில் வளையல், வாரம் தவறாமல் கறி, எனக்கு சைக்கிள். தலைகால் புரியாமல் தெருத்தெருவாக மணியடித்துச் சுற்றினேன்.

"ஏதுய்யா, உழுவுறப்ப கொழுவுல குடம் கிடம் தட்டுச்சா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். அப்பா சிரித்தார். மறுநாளே அது புதையல் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அவருக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

ஆனால் புதையல் சும்மா வராது. எடுத்த வீட்டின் தலைச்சன் பிள்ளையைக் கேட்கும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். தலைச்சன் நான்.

"சனியனே, மெதுவா போடி" என்று திட்டுகிற டீக்கடைக்காரர், "பாத்துப் போம்மா" என்று முறுக்கு நீட்டினார். காசு வாங்கவில்லை. நடவு வயலில் பேச்சும் சிரிப்புமாக இருந்த பெண்கள், நான் வரப்பில் வந்தால் அடங்கினார்கள். கடந்தபின் மெல்லத் தொடங்கினார்கள். அறிவியல் படிக்கிறவள் நான், சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் மிதிக்கும்போது கேரியரில் யாரோ ஏறி உட்கார்ந்த கனம். சங்கிலிக்கு எண்ணெய் போட்டுப் பார்த்தேன். கனம் குறையவில்லை.

பிறகு காய்ச்சல் வந்தது. எந்த மாத்திரைக்கும் இறங்கவில்லை. அம்மா என்னை அணைத்து நடத்தி எதிர்வீட்டுச் சித்தியிடம் கொண்டுபோனாள். சித்தப்பாவும் சூடம் அணைத்தவர்.

"இவள தவிட்டுக்கு வாங்கிக்கடி. ஒம் புள்ளையாயிட்டா இவள விட்டுடும்."

உயிர்க்கண்டம் உள்ள பிள்ளையை ஒரு முறம் தவிட்டுக்கு விற்றால் கண்டம் கழியும் என்பது வழக்கம்.

சித்தி முறத்தைத் தொடவில்லை. "எது விடணும்? எது கேக்குதுன்னு தெரியாம எப்படிடி வாங்குறது? நெசமாவே குடம்தானா?"

அம்மா என்னைப் பார்த்தாள். சொன்னால் அப்பா போச்சு. சொல்லாவிட்டால் நான்.

"குடமும் இல்ல, ஒண்ணும் இல்லடி. சூடம்தான் கேக்குது. அவரு எழுதிக் குடுத்துட்டாரு."

சித்தி எழுந்து, முறம் நிறையத் தவிடு அள்ளி அம்மாவின் மடியில் கொட்டினாள். என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

சாயங்காலமே எனக்குக் காய்ச்சல் விட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். சித்தப்பா முதலில், பின்னால் குத்தகைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். அப்பா வெளியே வரவில்லை. அம்மா மட்டும் நிலைப்படிக்கு வந்து, தெருவைத் தாண்டி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

எனக்கு முன்னால் சித்தி போய்த் தன் வாசலில் நின்றாள்.

"யாரு வீட்டுப் புள்ளைய கூப்புடுறீங்க?"