லோரி என்று எழுத வெட்கமா?

போன சனிக்கிழமை வீடு மாறினேன். பாச்சாங்கிலிருந்து மஸ்ஜித் தானாவுக்கு. அலமாரி, கட்டில், ஃபிரிட்ஜ்... எல்லாவற்றையும் ஏற்ற ஒரு லோரி வேண்டுமே! ஊரே செய்வதைத்தான் நானும் செய்தேன். போனை எடுத்து, வாடகை லோரிக்கு மலாயில் 'லோரி செவா மலாக்கா' என்று தட்டினேன். முதலில் வந்த எண்ணை அழைத்தேன். அலோர் காஜாவிலிருந்து ஒரு மலாய்க்காரர் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார்.

அலமாரியை ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அருள்ராஜ். எங்கள் பின் சந்தில் இருப்பவன். மாதா கோயில் ஞாயிறு பூசையில் எனக்கு முன் வரிசையில் உட்காருபவன்.

"என்னக்கா... என்கிட்டயே லோரி இருக்கு. வெளியாளக் கூப்பிட்டிருக்கீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'நம்மவர் தொழிலை நாம்தான் ஆதரிக்க வேண்டும்' என்று இதே பத்திரிகைப் பக்கத்தில் எத்தனை முறை முழங்கியிருக்கிறேன்! முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

"நீ வாடகைக்கு ஓட்டுறியா? எனக்குத் தெரியாதேப்பா!"

"கோயில் வாசல்ல வாரா வாரம் நிக்குதேக்கா!"

நிற்கிறதுதான். ஆனால் அதன் பக்கவாட்டில் தங்க நிறத்தில் 'ராயல் எம்பரர் வென்ச்சர்ஸ்' என்றல்லவா எழுதியிருக்கிறது? டுரியான் பழம் ஏற்றுமதி செய்கிறானா, சோபா விற்கிறானா — யார் கண்டது?

"வேலையே வர்றதில்லக்கா. லோரிய வித்துட்டு அடுத்த மாசம் சிங்கப்பூர் ஃபேக்டரிக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். வீட்டில் ஆறு மாதக் கைக்குழந்தை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பூசை முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ஸ்டெல்லா தேநீரோடு அவர்கள் அடித்த விளம்பரத் தாள்களையும் கொண்டுவந்து வைத்தாள். படிக்கப் படிக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

கம்பெனிப் பெயர் எண் கணித ஜோதிடர் கொடுத்தது. (ஞாயிற்றுக்கிழமை 'கர்த்தரே எல்லாம்' என்று கைகூப்பிவிட்டு, திங்கட்கிழமை எண்காரர் வாசலில் நிற்பது நம் ஆட்களுக்குப் புதிதா என்ன?) பெயர் அட்டை கோலாலம்பூர் மச்சானின் கைவண்ணம்: 'ஒருங்கிணைந்த லாஜிஸ்டிக் சொலுஷன்ஸ்'. முகநூல் பக்கம் கொழுந்தியா பொறுப்பு. அதில் தினம் ஒரு ரோஜாப்பூ, கூடவே ஒரு வரி — 'உங்கள் வாழ்க்கைப் பயணத்தில் கடைசிவரை உடன் வருவோம்'. பிரேத வண்டி என்று நினைத்து இரண்டு பேர் அழைத்தார்களாம்!

திறப்பு விழா பேனரைப் பார்க்க வேண்டுமே! ரிப்பன் வெட்டிய வட்டாரப் பிரமுகர் இருந்தார். மாமனார் இருந்தார். அவருடைய கோட்டும் டையும் இருந்தன. லோரியைத்தான் காணோம்.

"ஏன்டா, ஒரு இடத்துலகூட லோரின்னு எழுதலையே?"

"லோரின்னு போட்டா ரொம்ப லோக்கலா இருக்கும்க்கா. ஹோட்டல் செமினார்ல சொன்னாங்க... நாம கனவ விக்கணுமாம்."

கனவு! பீரோவை மூன்றாவது மாடியிலிருந்து இறக்க வழியில்லாமல் நிற்கிறவளுக்குக் கனவு எதற்கு?

என் போனை அவன் கையில் கொடுத்து, "லோரின்னு தட்டு" என்றேன். தட்டியதுமே கீழே வரிசையாக வந்து விழுந்தன — வாடகை லோரி மலாக்கா, வீடு மாற்ற லோரி, சின்ன லோரி... எல்லாம் மலாயில்.

"பாத்தியா? ஊர்ல உள்ளவன் இப்படித்தான் கேக்கிறான். அதே வார்த்தையத்தான் லோரிக் கதவுலயும், அட்டையிலயும், முகநூல்லயும் எழுதணும். எல்லாத்துலயும் ஒரே மாதிரி! ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தா தேர் நகருமா?"

அவனை மட்டும் திட்டி என்ன பயன்? முறுக்கு சுடுபவர் 'குளோபல் ஃபுட்' என்று பெயர் வைக்கிறார். ரவிக்கை தைப்பவர் 'ஃபேஷன் யூனிவர்ஸ்' என்று போர்டு மாட்டுகிறார். வாங்க வருகிறவன் என்ன சொல்லித் தேடுவான் என்று நாம் யோசிப்பதே இல்லை. சொந்தக்காரன் பார்த்து என்ன சொல்வான் என்றுதான் யோசிக்கிறோம்!

"இனிமே எதுக்குக்கா அதெல்லாம்? நேத்தே லோரிய விக்கிறேன்னு நெட்டுல போட்டுட்டேன். காலைலேர்ந்து போன் அடங்க மாட்டேங்குதுலா" என்றான்.

அந்த விளம்பரத்தை வாங்கிப் படித்தேன். மலாயில் ஒற்றை வரி — 'மூன்று டன் லோரி விற்பனைக்கு, பாச்சாங், மலாக்கா.' மச்சானும் இல்லை, எண்காரரும் இல்லை. அவனே எழுதியது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அப்போதும் போன் அடித்தது. செர்காமிலிருந்து ஒரு மலாய்ப் பெண்மணி. வாங்குவதற்கு இல்லையாம்; சனிக்கிழமை வீடு மாறுகிறாராம்; லோரி வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார்.

வாடகைக்கு இல்லையென்று மன்னிப்புக் கேட்க அருள்ராஜ் வாயைத் திறந்தான். அதற்குள் ஸ்டெல்லா குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுப் போனைப் பிடுங்கி, கிடைக்கும் என்று மலாயில் அடித்துச் சொன்னாள்.

"போலே புவான், போலே! செர்காம்ல எங்க... ஐயோ, செர்காம் டி மானா?"

தொழில் நடத்த எழுதியதெல்லாம் யார் கண்ணிலும் படவில்லை. தொழிலை மூட எழுதிய ஒரு வரிதான் வாடிக்கையாளரைக் கூட்டிவந்தது!