இஞ்சித் தண்ணீர் என்று சொன்னேன்

இனிக் குடிப்பதில்லை என்று முனியப்பன் முன்னால் கயிறு கட்டிக்கொண்ட ஒரு மனிதருக்கு, இஞ்சித் தண்ணீர் என்று பொய் சொல்லி நான் பீர் கொடுத்தேன். கடையில் வாங்கியதல்ல, என் கையால் காய்ச்சியது. தெரிந்தே கொடுத்தேன்.

சொல்லிவிட்டேன்... ஆனால் பெரிய பிழை இதுவல்ல. அது பின்னால் வருகிறது. அதுவரை நீங்கள் எழுந்து போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் நான் யார் என்று சொல்கிறேன். சேலத்தில் லாரி உதிரிப் பாகங்கள் விற்கும் கடைக்காரன். பெயர் சேவியர். எங்கள் பக்கத்துக் கவுண்டர்கள் சொல்வது போல ‘வேதக்காரன்’. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஜாடியில் திராட்சை ஒயின் ஊறும். மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்தப் புளிப்பு வாசனை எனக்குச் சின்ன வயதிலேயே பிடித்துப் போயிற்று. மற்றவர்கள் பண்டிகைக்குக் காத்திருப்பார்கள். நான் நுரைக்குக் காத்திருந்தேன்.

பள்ளியில் நான் அதிகம் தேறவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு நானே வாத்தியார். எண்பதுகளின் தொடக்கத்தில் மதுவிலக்கு போய்க் கடைகள் திறந்தபோது ஊரெல்லாம் வாங்கி அப்படியே விழுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே மனம் ஆறவில்லை. ஒரு பொருளை நாக்கில் வைத்து யோசிக்காமல் தொண்டைக்குள் தள்ளுவதா!

எனவே கலந்து பார்த்தேன். ரம்மில் சுக்கும் ஏலக்காயும் போட்ட பானகம். ஜின்னில் நுங்கு. லாரிக்காரர்கள் கோவாவிலிருந்து கொண்டுவந்து தரும் முந்திரிச் சாராயத்தில் இளநீரும் கீறிய பச்சைமிளகாயும். மல்கோவாச் சாற்றில் பிராந்தி ஊற்றி, கிளாஸின் விளிம்பில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி... சிரிக்காதீர்கள், குடித்துப் பார்த்தவர்கள் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் ஃபேர்லேண்ட்ஸில் என் வாடகை வீட்டு மொட்டைமாடியில் நாலைந்து நண்பர்கள் கூடுவார்கள். எதைக் கொடுத்தாலும் ‘பிரமாதம்’ என்பார்கள். கழுநீரைக் கொடுத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கந்தசாமி அப்படியல்ல.

அவர் நாமக்கல் பக்கத்துக்காரர். ஒரே ஒரு லாரி. அவரே முதலாளி, அவரே டிரைவர். என்னைவிடச் சில வயது இளையவர், ‘அண்ணா’ என்று கூப்பிடுவார். அவருக்கு இருந்தது நாக்கல்ல, தராசு! ஒரு மிடறு வாயில் வைத்துக் கண்ணை மூடுவார். நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம்.

“ஏனுங்கண்ணா, இது மாமியார் ஊட்டு விருந்தாட்ட இருக்குதுங்க. முன்னால சிரிக்குது, பொறவால கடிக்குது. பச்சைமிளகாய வெதையோட போட்டுட்டீங்க.”

இன்னொரு நாள்: “இது ரெண்டாவது கியர்லயே ஊர் பூராம் ஓட்டுறாப்டி இருக்குதுங்க. சத்தம் இருக்குது, வேகமில்லை.”

அவர் சொன்ன குறையை மறு வாரம் சரி செய்வேன். ‘இப்ப சரியா உக்காந்துருச்சுங்க’ என்று அவர் வாயிலிருந்து வருவதற்காக ஒரு வாரம் முழுக்க உழைப்பேன். மனிதர்களின் பேச்சை நேசிப்பவன் நான். அவருடைய பேச்சை எல்லாவற்றுக்கும் மேலாக நேசித்தேன். அதில்தான் சனி பிடித்தது.

என் மாடியில் ருசி பார்த்துக் குடித்தவர், சாலையில் ருசி பாராமல் குடிக்கத் தொடங்கியிருந்தார். எனக்கு அது தெரியாது என்று சொன்னால் நம்புவீர்களா? நானே நம்பமாட்டேன். அவருடைய மனைவி தெய்வானை மகளைத் தூக்கிக்கொண்டு பரமத்தி வேலூரில் இருந்த தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த கௌரவமான குடும்பம். மகளைத் திருப்பி அனுப்ப ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். முனியப்பன் கோயிலில் கந்தசாமி கயிறு கட்டிக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அது சாதாரண வழக்கம். ஆடிப் பூசையன்று பூசாரி மஞ்சள் கயிற்றை வலது மணிக்கட்டில் கட்டுவார். அடுத்த ஆடி வரை சொட்டுக்கூடத் தொடக்கூடாது. தாண்டிவிட்டால் மனிதன் தேறிவிட்டான் என்று அர்த்தம்.

கந்தசாமி கட்டிக்கொண்டார். தெய்வானை திரும்பி வந்தார். ஆவணி, ஐப்பசி, தை... கயிறு சாயம் போனதே தவிர, அவர் அசையவில்லை. என் மாடிக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

அந்த மாதங்களில்தான் நான் பீர் காய்ச்சக் கற்றுக்கொண்டேன்.

முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகைத் திரித்துக் கஞ்சியாக்கி, இடித்த இஞ்சி, நாட்டுச்சர்க்கரை, கசப்புக்கு ஏற்காட்டு ஆரஞ்சுத் தோல், கொல்லிமலை மிளகு எல்லாம் சேர்த்து, ஆறிய பிறகு பேக்கரியில் வாங்கிய ஈஸ்ட்டைக் கலந்து ஜாடியில் மூடி வைப்பேன். முதல் ஜாடி புளித்துக் காடியாயிற்று. அடுத்ததைப் பாட்டிலில் அடைத்தேன். சேலத்து வெயிலில் பாட்டில்கள் சமையலறையில் வெடித்தன. என் மனைவி லூர்து, “பட்டாசு வாங்குற செலவு மிச்சம்” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரு பிழை... ஒவ்வொன்றையும் திருத்தினேன்.

சித்திரையில் ஒரு ஜாடி சரியாக வந்தது. மூடியைத் திறந்ததும் மெல்லிய ஒரு பெருமூச்சு, பொன்னிற நுரை, இஞ்சி முதலில், கசப்பு பின்னால், நடுவில் முளைகட்டிய தானிய வாசனை. நான் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல காரியம் போல அது கிளாஸில் நின்றது!

நண்பர்கள் ‘பிரமாதம்’ என்றார்கள். எனக்கு அழுகை வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கடை மூடியிருந்ததால் கந்தசாமி வீடு தேடி வந்தார். லாரியின் பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டை உடைந்துவிட்டது, புதுப்பட்டை அவசரமாக வேண்டும் என்றார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. லூர்து மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

“குடிக்க ஏதாச்சும் குடுங்கண்ணா, நாக்கு ஒட்டிக்கிச்சு.”

பானையில் தண்ணீர் இருந்தது. மோர் இருந்தது. நான் பாட்டிலை எடுத்தேன்.

அவர் நுரையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“இதுல அது ஒண்ணும் இல்லீங்களே?”

“இஞ்சித் தண்ணி, கந்தசாமி. சோடா மாதிரி.”

எவ்வளவு எளிதாக வந்தது! நான் தயங்கவே இல்லை. கேழ்வரகும் இஞ்சியும்தானே, இது என்ன சாராயமா என்று ஒரு வாதம் உள்ளுக்குள் தயாராக இருந்தது. வெந்நீரை ஊற்றிக்கொண்டு சுடவில்லை என்று வாதம் செய்வது போன்ற வாதம்.

அவர் குடித்தார். கண்ணை மூடினார்.

“இஞ்சி... மிளகு, மலை மிளகு. ஆரஞ்சுத் தோலுங்களா? நல்ல கசப்புங்க. ராகி... மொளகட்டுன ராகி. அண்ணா, இது...” முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு மலர்ந்தது. “இது சரியா உக்காந்துருச்சுங்க. இத்தன நாள்ல நீங்க பண்ணுனதுலயே...”

அங்கேயே நின்றுவிட்டார். கண்ணைத் திறந்தார். கிளாஸை மெதுவாகத் தரையில் வைத்தார். மணிக்கட்டைப் பார்த்தார்.

 வீட்டில் நான் இருப்பு வைத்திருந்த பட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு, “வாரேனுங்க” என்று சொல்லிப் படியிறங்கினார். எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? பயமல்ல. வருத்தமுமல்ல. ‘இத்தனை நாளில் செய்ததிலேயே’ என்பதற்கு மேல் என்ன சொல்லவந்தார் என்ற ஆசை! நான் எப்படிப்பட்டவன் என்று இதிலிருந்தே அளந்துகொள்ளுங்கள்.

இனித்தான் பெரிய பிழை.

இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தார். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. பூசாரியிடம் போய், பெயர் சொல்லாமல் விஷயத்தைக் கேட்டிருக்கிறார். தெரியாமல் குடிக்கவைத்திருந்தால் அது கயிறு கட்டியவன் குற்றமில்லை என்றாராம் பூசாரி. ஆனால் கொடுத்தவன் சந்நிதிக்கு வந்து, ‘நான்தான் ஏமாற்றிக் கொடுத்தேன்’ என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் அதே கயிற்றுக்கு மஞ்சள் தடவி இறுக்கிவிடுவார். யாரும் வராவிட்டால் கயிறு கெட்டது கெட்டதுதான்; அவிழ்த்துவிட வேண்டும். பின்னொரு நாளில் மறுபடி கட்டுவதானாலும், முதல் கயிறு ஏன் கெட்டது என்று முனியப்பன் முன்னால் சொல்லியாக வேண்டும்.

“ஒருக்கா வந்து சொல்லிருங்கண்ணா. அரை நாள் வேலைங்க. என்ர வண்டியிலயே கூட்டிட்டுப் போயிக் கொண்டாந்து உட்டுர்றேன். ஆடிக்கு இன்னும் கொஞ்சந்தானுங்க இருக்குது...”

கடையில் வாடிக்கையாளர்கள் நின்றார்கள். எல்லாரும் அவர் ஊர்ப் பக்கத்து லாரிக்காரர்கள். கயிறு கட்டியவனைக் கெடுத்தவன் என்ற பெயர் ஒருமுறை விழுந்தால் நாமக்கல் முழுக்கப் பரவும். தெய்வானையின் முகம் வேறு மனதில் வந்து நின்றது.

நான் சொன்னேன்: “நான் வேதக்காரன் கந்தசாமி, உங்க கோயில்ல வந்து நான் எப்படி...”

“எந்தச் சாமியா இருந்தா என்னுங்கண்ணா? சாமி கேக்குது, நீங்க சொல்லப்போறீங்க.”

அப்போதுதான் அதைச் சொன்னேன். “அதுல ஒண்ணுமே இல்லையே. வெறும் இஞ்சித் தண்ணி. உங்களுக்குத்தான் வீணா சந்தேகம்.”

உலகத்தில் எதையும் தவறாகச் சொல்லாத அந்த நாக்கைப் பார்த்துச் சொன்னேன்!

 அவர் தலையை ஆட்டினார். “செரிங்கண்ணா. நீங்க சொன்னாச் செரிதானுங்க.”

அவர் கயிற்றை அவிழ்த்துவிட்டார். சந்தேகத்தோடு அதைக் கட்டிக்கொண்டிருக்கும் மனம் அவருக்கில்லை. வீட்டில் வெறும் மணிக்கட்டைக் காட்டிவிட்டு வாய் திறக்கவில்லையாம். தெய்வானை காரணம் கேட்டு, அழுது, கடைசியில் தானே ஒரு காரணத்தை முடிவு செய்துகொண்டு மகளோடு பரமத்தி வேலூர் பஸ் ஏறினார். வெறும் வீட்டில் கந்தசாமி குடிக்கத் தொடங்கினார். இம்முறை நிஜமாகவே. லாரியை விற்றார். இப்போது அடுத்தவர் வண்டி ஓட்டுகிறார்.

நான் அதற்குப்பின் எதையும் காய்ச்சவில்லை. இதை ஒரு தண்டனை போலச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. ஜாடியைக் கழுவும்போது லூர்து ஒருமுறை கேட்டாள்: “அன்னைக்கு அவருக்கு என்ன குடுத்தீங்க?” நான் ஜாடியைத் துடைத்துப் பரணில் ஏற்றினேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

மாதந்தோறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். மரத்தட்டிக்கு அந்தப்புறம் இருக்கும் சாமியாரிடம், ‘கோபப்பட்டேன்’ என்கிறேன், ‘பூசைக்குப் பிந்தி வந்தேன்’ என்கிறேன். இது மட்டும் தொண்டைக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. சாமியாரிடம் சொன்னால் மன்னித்துவிடுவார். அதுதான் பயம்... அவர் மன்னித்து என்ன? கந்தசாமியின் கை அப்போதும் வெறுங்கைதானே?

ஆடிகள் பல போய்விட்டன. இந்த ஆனி மாதம், கடை வாசலில் தெய்வானை வந்து நின்றார். கையில் ஒரு சீப்புப் பூவன் பழம். தலை பாதி நரைத்துவிட்டது.

“ஏனுங்கண்ணா, சௌக்கியமுங்களா? பொண்ணு பெரியவளாயிட்டாளுங்க. நாளைக்கி அவளைக் கேட்டு வர்றவங்க அப்பன் எங்கேன்னு கேப்பாங்கல்லங்க. இந்த ஆடிக்கு அவரு மறுக்கா கயிறு கட்டுனா நான் ஊட்டுக்குத் திரும்பிருவேனுங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு.”

 தெய்வானை பழத்தை மேசைமேல் வைத்தார்.

“எல்லாரும் அவருக்கு ஊத்திக் குடுத்தவங்கதானுங்க. நீங்க ஒருத்தர்தான், ஊட்டுக்கு வந்த மனுசனுக்கு இஞ்சித் தண்ணி குடுத்து அனுப்பிச்சீங்க. அன்னிக்கு வந்து அவரே சொன்னாருங்க, அண்ணன் ஊட்ல இஞ்சித் தண்ணி குடிச்சேன்னு.”

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? நான் ‘சரிம்மா’ என்றேன்.

மறுநாள் லாரிப்பேட்டையில் கந்தசாமியைத் தேடிப் பிடித்தேன். வண்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

“கட்டிக்கலாமுங்கண்ணா. எனக்கும் ஆசைதான். மொதல் கயிறு ஏன் கெட்டுச்சுன்னு பூசாரி கேப்பாரு. நானாக் குடிச்சேன்னு சொன்னா, சாமி முன்னால நான் பொய் சொன்னவனாவேன். நீங்க குடுத்தீங்கன்னு சொன்னா, நீங்க பொய் சொன்னவராவீங்க. அதான் இத்தன வருசமா அந்தப் பக்கமே போறதில்லீங்க.” சிரித்தார். “நாக்கு இப்ப செத்துப் போச்சுங்க. எதக் குடிச்சாலும் ஒரே ருசி. ஆனா அன்னிக்கிக் குடிச்சது மட்டும் இன்னமும் நாக்குல நிக்குது. இஞ்சித் தண்ணிதானுங்களே அது?”

கேள்வியில் கேலி இல்லை, கோபம் இல்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பவர் போலக் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன்... ‘கடையைத் திறக்கணும், வாரேன்’ என்று வந்தது.

தெய்வானை வைத்துவிட்டுப் போன பழத்தை யாரும் தொடவில்லை. மேசைமேல் கறுத்துக் குழைந்துவிட்டது. இந்த வெக்கையில் இனிப்பு புளிக்கத் தொடங்கி, கடை முழுக்க அந்த வாசனை. எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை.

உங்களிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்வது சுலபம். உங்களை எனக்குத் தெரியாது. பூசாரி இருக்குமிடம் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். ஆடி பிறக்க இன்னும் சில நாட்கள் இருக்கின்றன.

நேற்றும் பஸ் நிலையம் வரை போய்விட்டுத் திரும்பினேன்.